இல்லாததை எழுதும் தூரிகை

ஓவியக் கண்காட்சி ஒன்றினுள் நுழையும் நம்மவர்களைச் சற்று ஒதுங்கி நின்று கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். ஆறும் தோப்பும் மாட்டுவண்டியும் தீட்டப்பெற்ற படங்களின் முன் அவர்கள் இயல்பாக நிற்கின்றனர். "அசல் போலவே இருக்கிறது" என்று ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு அப்பால் நகர்கின்றனர். மீன் உடலும் மனித முகமும் கொண்ட ஓர் உருவம், ஆகாயத்தில் மிதக்கும் ஒரு மாளிகை, கிளைதோறும் கண் விழித்திருக்கும் ஒரு மரம் என்றித்தகைய படங்களின் முன் வந்ததும் அவர்களது நடை தடைப்படுகிறது. ஒருசாரார் நகைக்கின்றனர். மற்றொரு சாரார், விளங்காததை விளங்கியதாகக் காட்டும் பொருட்டுத் தலையை அசைக்கின்றனர். இருசாராரும் ஒரு நிமிஷத்துக்குள் அவ்விடத்தை விட்டு அகன்று விடுகின்றனர். உடன் வந்த சிறுவன் மட்டும் தந்தையின் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இது என்ன?" என்று கேட்கிறான். "அப்படி ஒன்று உலகத்தில் இல்லை, வா, போவோம்" என்பதே அவனுக்குக் கிடைக்கும் விடை.

அந்த விடையைப் பற்றியே இவ்வாரம் சிறிது சிந்திக்க விரும்புகிறோம். கற்பனை ஓவியங்களைக் காணும்போது நாம் செய்யத்தக்கது யாது? அவற்றிலிருந்து நாம் பெறத்தக்கதுதான் யாது?

திருக்கோணமலையில் வாழ்வோருக்கு இக்கேள்வி புதியதன்று என்றே கூறவேண்டும். இத்துறைமுகப் பட்டினத்தைச் சுற்றிலும் இல்லாதனவற்றின் சுவடுகளே நிறைந்திருக்கின்றன. பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, மான்கள் மேயும் வழியாகச் சுவாமி மலைக்கு ஏறிச் செல்லும் ஒவ்வொருவரும் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கின்றனர். செங்குத்தான பாறையில் ஒரு பெரும் பிளவு. அதன் அடியில் நுரைத்துக் குமுறும் கடல். தன் தாய் வழிபடும் பொருட்டு இம்மலையையே பெயர்த்தெடுக்க முனைந்த இலங்கை வேந்தனின் வாள் விழுந்த இடம் அது என்பர். பட்டினத்துக்கு வெளியே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தாய் இறந்தாள் என்ற செய்தி கேட்டு, அவளுக்குரிய கடன்களைச் செய்வதற்காக அதே இராவணன் நிலத்தைக் குத்தி வரவழைத்த நீர் அது என்பர்.

பாறை பிளந்ததற்கும் நீர் சுடுவதற்கும் பூமி சாத்திரம் வேறு காரணங் கூறும். நிலத்தின் ஆழத்திலுள்ள வெப்பமே கன்னியா ஊற்றைச் சுட வைக்கிறது என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். ஆயினும் அக்கதைகள் அழிந்துபோகவில்லை. ஏன்? வெதுவெதுப்பான அந்நீரை முதன்முதலிற் கையால் அள்ளிய எவனோ ஒருவனுக்கு, அது தாயை இழந்த மகனின் கண்ணீரை நினைவூட்டியிருக்கலாம். அந்த உணர்ச்சிக்கு அவன் ஒரு கதையை உடுத்தினான். இன்றும் இறந்தோருக்குரிய கிரியைகளைச் செய்யக் கன்னியாவைத் தேடி வருவோர் உண்டு. கதையில் வரும் வாள் கற்பனை. அதைச் சொல்லவைத்த துயரம் கற்பனையன்று.

இங்கே ஓர் இடையீடு அவசியமாகிறது. இல்லை என்று எண்ணப்பட்டவை சில வேளைகளில் உண்டென்று தெரிய வருவதும் உண்மையே. 1624ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட பழைய கோணேசர் ஆலயத்தின் கற்கள் கடலடியில் கிடக்கின்றன என்ற செவிவழிச் செய்தி இவ்வூரில் நெடுங்காலம் வழங்கியது. விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க் என்பவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956ஆம் ஆண்டிற் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, செதுக்கிய கற்றூண்களைக் கண்டனர். கற்பனைக் கதை எழுதுபவரின் கண்களே அந்த உண்மையைத் தேடிச் சென்றன என்பது நினைக்க இன்பம் தருகிறது. ஆனால், கற்பனை ஓவியத்தின் உண்மை இவ்வகையைச் சேர்ந்ததன்று. எந்தச் சுழியோடி எத்துணை ஆழம் மூழ்கினாலும் யாளியைக் கண்டெடுக்கப் போவதில்லை. அது வேறோர் இடத்தில் வாழ்கிறது.

யாளி என்றதும் நம் ஆலயங்கள் நினைவுக்கு வருகின்றன. சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் சேர்ந்த அவ்விலங்கைத் தூண்தோறும் காண்கிறோம். பசுவின் உடல், பெண்ணின் முகம், பறவையின் சிறகு ஆகியன கூடிய காமதேனுவை வாகனமாகத் தோளிற் சுமக்கிறோம். பத்துத் தலை இராவணன் கயிலையைத் தாங்கி நிற்கும் கைலாச வாகனம் வீதியுலா வரும்போது குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறோம். அப்பொழுது எவரும் "இப்படி ஒன்று இல்லை" என்று கூறுவதில்லை. அதே மனிதர் ஓவியக் கூடத்தில் நகைப்பது எதனால்?

காரணம் எளிது. ஆலயத்தில் உருவத்துக்கு முன்பே கதை நமக்குக் கிடைத்துவிடுகிறது. பாட்டியின் மடியிற் கேட்ட கதை கண்ணுக்கு வழிகாட்டுகிறது. ஓவியக் கூடத்திலோ உருவம் தனியே நிற்கிறது. கதை ஓவியனின் உள்ளத்தில் இருக்கிறது. அல்லது அவனுக்கே முழுவதும் தெரியாதிருக்கிறது. வழிகாட்டியின்றி நடக்க நாம் பழகவில்லை, ஆகவே அஞ்சுகிறோம். அச்சத்தை மறைக்கச் சிரிக்கிறோம்.

தனிமனிதன் ஒருவனது கற்பனை எத்தகையது என்பதற்கு, நமக்கு வடக்கே இதே வங்கக் கடலின் கரையில் வாழ்ந்த ஒரு தமிழ் ஓவியரை இங்கே அறிமுகஞ் செய்வோம். கே. இராமானுஜம் என்பது அவரது பெயர். சென்னையிற் பிறந்தவர். பேச்சு அவருக்குத் தெளிவாக வரவில்லை. மனநோயும் அவரை வருத்தியது. ஏளனம் செல்லுமிடமெல்லாம் தொடர்ந்தது. சென்னை அரசினர் கலைக் கல்லூரியின் அதிபராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் அவரது கையின் ஆற்றலை உணர்ந்து ஆதரித்தார். பணிக்கரும் அவருடைய மாணாக்கரும் 1966ஆம் ஆண்டிற் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவியபோது இராமானுஜமும் அவர்களோடு சென்று வாழ்ந்தார்.

அங்கே அவர் எழுதியவை யாவை? கடற்கரையில் இருந்தும் அவர் கடலைக் கண்டவாறு எழுதவில்லை. நூலினும் மெல்லிய பேனாக் கோடுகளை ஆயிரக்கணக்கில் இழைத்து, சுருண்டு சுருண்டு எழும் மேகங்களையும், கோபுரமோ அரண்மனையோ என்று பிரித்தறிய இயலாத கட்டடங்களையும், நாகங்களையும், பறக்கும் விலங்குகளையும், ஆடையணி பூண்ட பெண்களையும் எழுதினார். அவற்றின் நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதர் பல படங்களில் வருகிறார். அவர் வேறு யாருமல்லர், இராமானுஜமே. நிஜ உலகில் வாசற்படியில் நிறுத்தப்பட்ட ஒருவர், தாம் கட்டிய உலகில் மதிப்புக்குரிய விருந்தாளியாக உலவுகிறார் என்றே அவற்றைக் காணும்போது நமக்குத் தோன்றுகிறது. "இப்படி ஓர் அரண்மனை இல்லை" என்று அவரிடம் யார் சொல்லவேண்டும்? இல்லை என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? அதனாலன்றோ அதை எழுதினார்!

1973ஆம் ஆண்டில், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, இராமானுஜம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இதனைக் கொண்டு துன்பமே கலையின் தாய் என்று முடிவு கட்டுவது கொடுமையாகும். ஓவியம் அவருக்கு ஆறுதல் அளித்திருக்கலாம். அவரது நோய்க்கு அது மருந்தாகவில்லை. வேறுபட்ட ஒரு பிள்ளை நம் வீட்டிலோ வகுப்பிலோ இருப்பின், அவனது படத்தைப் புகழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவனை ஏளனத்திலிருந்து காப்பதும் வைத்திய உதவியை நாடுவதும் அதனினும் முந்திய கடமைகள். இராமானுஜத்தின் படங்களைச் சோழமண்டலத்திலுள்ள ஓவியக் காட்சிச்சாலையில் இன்றும் காணலாம். தமிழகத்துக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் ஒரு காலைப் பொழுதை அதற்கென ஒதுக்குவது நன்று.

இனி, இத்தகைய படத்தை எவ்வாறு பார்ப்பது என்ற கேள்விக்கு வருவோம். இதற்குப் பெரிய சாத்திரம் எதுவும் வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, "இதன் பொருள் என்ன?" என்று தொடங்காது, "இங்கே என்னென்ன இருக்கின்றன?" என்று தொடங்க வேண்டும். மூன்று நிமிஷம் நின்று, கண்ணுக்குத் தெரிவனவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு படகு, அதிற் கால்கள் முளைத்திருக்கின்றன, படகின் நிழல் மட்டும் பறவையின் வடிவில் விழுகிறது. இவ்வாறு சொல்லி வரும்போதே படம் நம்மோடு பேசத் தொடங்கும். குழந்தைகள் இதில் நம்மினும் வல்லவர்கள்; நாம் காணத் தவறியதை அவர்கள் காண்பர்.

இரண்டாவது, ஓவியன் எவற்றை எவற்றோடு சேர்த்திருக்கிறான் என்று நோக்க வேண்டும். கற்பனை என்பது சூனியத்திலிருந்து பிறப்பதன்று. அறிந்த பொருள்கள் அறியாத முறையிற் கூடும்போதே அது பிறக்கிறது. காமதேனுவில் பசு ஏன், பெண்முகம் ஏன், சிறகு ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ஊட்டும் குணமும் தாயின் கருணையும் எங்கும் சென்றடையும் வல்லமையும் ஒன்றாதல் வேண்டும் என்ற ஆசை அங்கே உருவெடுத்திருப்பது விளங்கும். அவ்வாறே இன்றைய ஓவியனின் படகுக்குக் கால் ஏன் என்று கேட்கலாம். கடலை விட்டு ஓட விரும்பும் படகா அது? கரைக்கு வர இயலாதோரைத் தேடி நடக்கும் படகா?

மூன்றாவது, படம் நம்முள் எழுப்பும் உணர்ச்சியை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சமோ சிரிப்போ துயரமோ எதுவாயினும் ஆகுக. ஒன்றுமே தோன்றாவிடின் அதையும் கூறலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. பின்னர், அவ்வுணர்ச்சி படத்தின் எப்பகுதியிலிருந்து எழுகிறது என்று தேட வேண்டும். நிறத்திலிருந்தா, அளவிலிருந்தா, ஒரு முகத்தின் பார்வையிலிருந்தா? ரசனை என்று பெரியோர் கூறுவது இத்தேட்டத்தையேயாகும்.

நம் நாட்டிலேயே இதற்குப் பயிற்சி பெறத்தக்க இடங்கள் உண்டு. கொழும்பிற் பார்ண்ஸ் பிளேசில் உள்ள சப்புமல் பவுண்டேஷன், ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லம். 1943ஆம் ஆண்டில் லயனல் வெண்ட் முதலியோர் கூடித் தோற்றுவித்த '43 குழுவினரின் ஓவியங்கள் அங்கே சுவர்களில் தொங்குகின்றன. அக்குழுவைச் சேர்ந்த மஞ்சுசிறி, பிக்குவாக வாழ்ந்த காலத்தில் விகாரைதோறும் சென்று பழைய சுவரோவியங்களைப் படியெடுத்தவர். அப்பணிக்காகவே 1979ஆம் ஆண்டில் மக்சேசே பரிசு பெற்றார். மரபை எழுத்துப் பிசகாமற் படியெடுத்த அதே கை, தனக்கென எழுதியபோது கனவில் வரும் விசித்திர உருவங்களையும் எழுதியது. மரபை அறிந்தவனே துணிந்து கற்பனை செய்ய வல்லவன் என்பதற்கு இது தக்க சான்று.

இவ்விடத்தில் ஒரு பலமான ஆட்சேபம் எழக்கூடும். "எமது மாவட்டம் யுத்தத்தைக் கண்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையைக் கண்டது. உறவினரைத் தேடிக்கொண்டிருப்போர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். இந்நிலையில் பறக்கும் மாளிகைகளை எழுதுவது உண்மையிலிருந்து ஓடி ஒளிவதாகாதா? நடந்ததை நடந்தவாறு எழுதுவதன்றோ ஓவியனின் கடமை?" என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். நடந்ததை நடந்தவாறு எழுதுவோரும் நமக்கு வேண்டும். அவர்களது பணியைப் பிறிதொன்று ஈடுசெய்ய இயலாது.

ஆயினும் இரு செய்திகளை நினைவுகூர வேண்டும். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி ஸ்பெயின் தேசத்தில் குவர்னிக்கா என்னும் ஊர் விமானக் குண்டுகளால் அழிக்கப்பட்டது. அக்கொடுமையைப் பிக்காசோ பெரியதோர் ஓவியமாக எழுதினார். அதில் ஆகாய விமானம் ஒன்றேனும் இல்லை, குண்டும் இல்லை. காளையொன்று நிற்கிறது, குதிரையொன்று கதறுகிறது, இறந்த மகவை ஏந்திய தாய் முகத்தை மேலே உயர்த்தி ஓலமிடுகிறாள். உடல்கள் எவையும் இயற்கையில் உள்ளவாறு இல்லை. அதனாலேயே அது அவ்வூரோடு நின்றுவிடாமல், குண்டு விழுந்த ஊர்களுக்கெல்லாம் உரியதாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த இத்துறைமுகத்துக்கும், அதன் பின்னர் நாம் கண்டவற்றுக்கும் அது உரியதே.

மற்றைய செய்தி நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது. மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்றொரு பூங்கா தொடங்கப்பட்டது. கனடா தேசத்து ஓவியரான போல் ஹோகனும் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதனை உருவாக்கியோருள் முக்கியமானவர்கள். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் கிராமங்களிலிருந்து அங்கே வந்தனர். களிமண் பிசைந்தனர், வண்ணந் தீட்டினர், கதை புனைந்தனர், நடித்தனர். என்ன நடந்தது என்று அவர்களை வற்புறுத்திக் கேட்பது அங்கே நோக்கமாக இருக்கவில்லை. நேரிற் சொல்ல நா எழாத துயரத்தைக் கதையும் நிறமும் தாங்கிக்கொள்ள இடமளிப்பதே நோக்கம். வீட்டின் வாசலிற் கண்டதைச் சொல்ல இயலாத பிள்ளை, ஓர் அசுரனின் கதையாக அதனைச் சொல்லக்கூடும். அசுரனை வரைந்த பிள்ளை உண்மையை விட்டு ஓடவில்லை. உண்மையைத் தன்னால் தூக்கக்கூடிய அளவுக்குக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறது.

இவ்வாறு கூறுவதால், விசித்திரமாய் இருப்பன யாவும் சிறந்தவை என்பது நமது கருத்தன்று. விசித்திரம் மலிந்த காலம் இது. கணினிக்கு நான்கு சொற்களைக் கொடுத்தால், சிறகுள்ள யானையைக் கண்மூடித் திறப்பதற்குள் அது எழுதித் தருகிறது. கடைப் பலகைகளிலும் கைபேசித் திரைகளிலும் பறவை நாகங்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் பார்த்ததும் கண் வியக்கிறது. மறுகணமே மறந்து விடுகிறது. இராமானுஜத்தின் நாகம் மறக்கப்படாதது ஏனெனில், அதை எழுதாமல் இருக்க அவரால் இயலவில்லை. அந்த அவசியமே கற்பனை ஓவியத்தின் உரைகல். ஒரு படத்தின் முன் நிற்கும்போது, "இதனை எழுதியவனுக்கு இதனை எழுதவேண்டிய தேவை இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கண் பொய்யான விடை கூறாது.

இறுதியாகப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து "இயற்கைக் காட்சி ஒன்று வரை" என்று சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதி எழுந்த சூரியன், நெளிந்து வரும் ஓர் ஆறு, பக்கத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை. பத்துப் பிள்ளைகளில் எண்மர் இதையே வரைவர். திருக்கோணமலைப் பிள்ளை எங்கே கண்டது இந்த இரு மலைகளை? இங்கே சூரியன் கடலிலிருந்தன்றோ எழுகிறது! கண்ட கடலை விட்டுக் காணாத மலையை வரைந்த அந்தப் படத்துக்கு நாம் "அழகு" என்று புள்ளியிடுகிறோம். அதே பிள்ளை நிலாவெளிக்கு அப்பால் நீந்தும் திமிங்கலத்தின் வயிற்றுக்குள் ஒரு பாடசாலையும், அதற்கு ஒரு கதவும் வரைந்து வந்தால், "இதென்ன கூத்து" என்று தாளைத் திருப்பிக் கொடுக்கிறோம். இவ்விரண்டில் எது உண்மையான படம்? முதலாவது, பிறர் வரைந்ததைப் பார்த்து வரைந்த பொய். இரண்டாவது, அப்பிள்ளை தானே கண்ட கடலையும் தானே விரும்பிய ஒன்றையும் சேர்த்து எழுதிய மெய்.

புலமைப்பரிசிற் பரீட்சைக்கும் க.பொ.த. பரீட்சைக்கும் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் வீடுகளில் சித்திரத் தாளுக்கு இடம் குறைவு என்பதை நாம் அறிவோம். நாம் வேண்டுவதும் அதிகமன்று. பிள்ளை கொண்டுவரும் தாளைக் கையில் வாங்கி, "இது என்ன?" என்று கேட்பதை விடுத்து, "இதைப் பற்றிச் சொல்லு, கேட்போம்" என்று கூறுங்கள். முதற் கேள்வி விடையை எதிர்பார்க்கிறது. தவறான விடைக்குத் தண்டனையும் உண்டு என்று பிள்ளை அஞ்சும். இரண்டாவது வார்த்தை ஒரு பாயை விரித்துப் போட்டு உட்காரச் சொல்கிறது. பிள்ளை கூறுவதை முடியுமட்டும் கேளுங்கள், திருத்தாதீர்கள். பின்னர்த் தாளின் மறுபக்கத்திற் பெயரையும் திகதியையும் எழுதி ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். பாடசாலைகள் ஆண்டுக்கொரு முறையேனும் தலைப்பும் பரிசும் இல்லாத ஒரு சித்திரக் காட்சியை மண்டபத்தில் நடத்தட்டும். நூல்நிலையங்களும் சங்கங்களும் அதற்குச் சுவர் கொடுத்து உதவட்டும்.

அத்தகைய காட்சி ஒன்று உங்கள் ஊரில் நடைபெறுமாயின், குடும்பத்தோடு சென்று வாருங்கள். எல்லாப் படங்களையும் பார்த்து முடிக்க அவசரப்பட வேண்டாம். மனத்தை நிறுத்தும் ஒரே ஒரு படத்தின் முன், உடன் வந்த பிள்ளை "போதும்" என்று சொல்லும் வரையில் நின்று பாருங்கள்.